எர்த் எடுத்தாச்சு

மருமகனைக் கொன்ற மெஷினை அவனுடைய தம்பிக்கே கொடுக்கப் போவதாக என் மகள் சொன்னபோது நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஒனக்கு என்ன பைத்தியமா?"

றோசாலி அழவில்லை. கிருபாகரனின் முப்பதாம் நாள் பூசையோடு அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "இங்க வச்சு நான் தெனமும் அதப் பாத்துக்கிட்டே இருக்கவாப்பா? தினேஸுக்கும் தொழில் இல்ல. கேக்குறான். கொண்டு போகட்டும்."

"அவனும் செத்தா?"

"வாயக் கழுவுங்க."

"நான் வாயக் கழுவுனா கரண்ட் அடிக்காம விட்டுருமா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். என்னோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை, ஆனால் நான் சொன்னதை யாரும் கேட்டதும் இல்லை.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரும்புக் கால் வைத்த மேசை, நடுவில் பல்சக்கரம், அடியில் மோட்டர். பலகையைத் தள்ளினால் அறுத்துத் தரும். கிருபாகரன் அதைப் பதுளை டவுனில் ஸப்வானின் கடையில் வாங்கினான். பழைய சாமான். நல்ல சாமானாக இருந்தால் முன்னே வைத்திருந்தவன் ஏன் விற்றான் என்று நான் அப்போதே கேட்டேன். கிருபாகரன் சிரித்தான். எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, ஜன்னல் சட்டம், கட்டில், மாதா சுரூபம் வைக்கிற பெட்டி என்று செய்து கொடுத்துப் பிழைத்தான்.

கவனமான ஆள். எனக்கு அவனைப் பெரிதாகப் பிடிக்காது, ஆனாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். மெஷினைப் போடுமுன் கழுத்திலிருக்கிற ஜெபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். முழுக்கைச் சட்டை போடமாட்டான். கண்ணுக்குக் கண்ணாடி போடுவான். சக்கரத்துக்கு மேலே மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டியதில்லை. பலகையின் கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல், அதற்கென்று செதுக்கி வைத்த ஒரு தள்ளு கட்டையால் தள்ளுவான். பத்து விரலும் முழுசாக இருக்கத்தான் சவப்பெட்டியில் படுத்தான்.

முதலில் எனக்குத்தான் அது அடித்தது. மழைக்காலம். கொட்டகைக்குள் போய் மேசையில் கை வைத்தேன். சுள்ளென்றது.

"டேய், எர்த் அடிக்குதுடா இதுல."

"ஒங்களுக்கு எதுதான் மாமா அடிக்கல? போன கெழம ரேடியோவும் அடிச்சிச்சுன்னீங்க."

"வச்சுப் பாரு கைய."

வைத்தான். அவனுக்கும் அடித்தது. சிரிப்பு நின்றது. உடனே ஸப்வானுக்குப் போன் போட்டு, நானும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைத் தட்டி மேசைமேல் வைத்தான்.

"நானா, மேசைல கை வச்சா சுள்ளு சுள்ளுங்குது."

"எர்த் எடுத்தீங்களா?"

"இல்ல நானா."

"ஐயோ தம்பி, மொதல்ல எர்த்த எடுங்க. எர்த் எடுக்காம ஓட்டாதீங்க. ஆளையே முடிச்சுரும்."

"சரி நானா, இப்பவே எடுத்துடுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கிருபாகரன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திருகாணியைக் கழற்றித் திறந்தான். உள்ளே மூன்று வயர். பச்சையும் மஞ்சளுமாக இருப்பதுதான் எர்த் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒன்றை மட்டும் கழற்றினான், மடித்தான், கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினான், பிளக்கை மூடி மறுபடி மாட்டினான். மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாத்தீங்களா மாமா? எர்த் எடுத்தாச்சு."

நான் யார் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, செத்த இரும்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஸப்வானை நல்லவன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த பெரிய மழையில் கிருபாகரன் போனான்.

நான் லயத்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். மரத்தை அறுக்கிற சத்தம் வேறு, சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம் வேறு. சும்மா சுற்றுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. போய்ப் பார்த்தபோது அவன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து கிடந்தான். எதையோ தேடுகிறவன் மாதிரி. தரையெல்லாம் தண்ணீர். நான் அவனைத் தொடவில்லை. அவனுடைய தள்ளு கட்டை ஒரு ஆணிப் பெட்டி மேல் காய்ந்துபோய்க் கிடந்தது, அதை எடுத்து பிளக்கை அடித்து விழுத்தினேன். பிறகுதான் தொட்டேன். தொட்டபோது ஒன்றும் மிச்சமில்லை.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் எங்கள் லயத்தில் இருக்கிறது, பேருக்கு. மழை நாளில் விழுந்து விழுந்து கரண்ட் போகிறதென்று யாரோ எப்போதோ அதன் மேல் வயரையும் கீழ் வயரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அது ஒழுங்காக இருந்திருந்தால் அன்றைக்கும் விழுந்திருக்கும்.

செத்த வீட்டில், மாமனார் கிட்டே நின்றும் கை வைத்துத் தூக்கவில்லையாம் என்று பேசினார்கள். றோசாலியும் கேட்டாள், "ஏம்பா தொடல?" என்று. தொட்டிருந்தால் இரண்டு பெட்டி செய்ய வேண்டியிருந்திருக்கும் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

நானும் பேசினேன். ஸப்வான் ஓட்டை மெஷினைத் தலையில் கட்டிவிட்டான், போனில் கதை விட்டான், ஆளைக் கொன்றுவிட்டான் என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலிருந்து கோவில் வாசல் வரைக்கும் சொன்னேன். தோட்டம் முழுக்க அதையே சொன்னது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தினேஸ் லொறி கொண்டு வந்தான். கிருபாகரனுக்கு ஒரே தம்பி. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தாயோடு இருக்கிறான். அண்ணனை மாதிரி மூக்கு, அண்ணனிடம் இல்லாத வாய்.

"தினேஸ், இத ஒடைச்சுப் பழைய இரும்புக்குப் போடு. வீட்டுக்குக் கொண்டு போகாத."

"மாமா, பஸ் மோதி ஆள் செத்தா பஸ்ஸ ஒடைக்கிறாங்களா? கழுவிட்டு அடுத்த நாள் ஓட்டலியா?"

"ஒங்கம்மாவுக்கு மிச்சம் இருக்குறது நீ ஒருத்தன்டா."

"அதான் ஒழைக்கணும்ங்குறேன். பயப்படாதீங்க. அண்ணி சொன்னாங்க, அண்ணன் எர்த் எல்லாம் எடுத்துத்தான் வச்சிருந்தாராம். ஏதோ மழைக்கு வந்த கெட்ட நேரம்."

நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். தள்ளு கட்டையையும் மேலே போட்டார்கள். லொறி திரும்புகிற வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவன் கேட்கமாட்டான், இவளும் கேட்கமாட்டாள். மெஷினை விற்றவனே வந்து தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. ஸப்வானைப் பார்க்கப் போவதாக றோசாலியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

ஸப்வானின் கடை டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலெல்லாம் வயர் சுருள் தொங்கும். நான் போகும்போது சாமான் வாங்க இரண்டு பேர் நின்றார்கள். இருக்கட்டும், கேட்கட்டும் என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"மொதலாளி, ஒங்க மெஷின் என் மருமகனக் கொன்னுருச்சு. இப்ப அவன் தம்பி வீட்டுல இருக்கு. வந்து தூக்கிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி அடுத்த சாவுக்கும் நீங்கதான் பொறுப்பு."

வந்தவர்கள் இரண்டு பேரும் மெதுவாக நழுவினார்கள். ஸப்வான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பது வயசிருக்கும், தாடியில் அங்கங்கே நரை. "உக்காருங்க ஐயா. மையத்து வீட்டுக்கு வரத்தான் நெனச்சேன். தோட்டத்துல எல்லாரும் என்னத் திட்டுறதா சொன்னாங்க. பயமாப் போச்சு."

"குத்தம் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

"திட்டுறவங்களுக்குத்தான் பயந்தேன், குத்தத்துக்கு இல்ல." அவருக்கும் கோபம் வந்தது. "நான் அன்னைக்குப் போன்ல சொன்னேனே? எர்த் எடுங்க, எடுக்காம ஓட்டாதீங்கன்னு. நான் சொன்னத அவரு கேட்டிருந்தா இன்னைக்கு உசிரோட ஈப்பாரு."

"கேட்டான்யா! நீ போன வச்ச ஒடனே எடுத்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"எடுத்தாரா? எங்க கம்பி அடிச்சாரு?"

"என்ன கம்பி?"

"மண்ணுல கம்பி. எர்த் எடுக்குறதுன்னா மண்ணுல கம்பி அடிச்சு, அதுலருந்து மெஷினுக்கு வயர் இழுக்கணுமே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் கண்ணைச் சிமிட்டுவான் அல்லது வேறெங்காவது பார்ப்பான். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "பிளக்கத் தொறந்தான். பச்ச மஞ்ச வயரக் கழட்டினான். மடிச்சு டேப் சுத்தினான்."

ஸப்வான் ஒரு வயர் சுருளின் மேல் அப்படியே உட்கார்ந்தார். "யா அல்லாஹ். நான் எடுக்கச் சொன்னது புதுசா ஒண்ணு. அவரு இருந்ததையும் எடுத்துட்டாரு."

எனக்கு ஏறவில்லை. "எர்த்துங்குறது அடிக்கிற சாமான்தானேய்யா? அடிக்கிறத எடுத்தா நல்லதுதானே?"

"அடிக்கிறது கரண்ட் ஐயா. எர்த் அந்தக் கரண்ட்ட மண்ணுக்குள்ள கொண்டு போற வழி. மெஷினுக்குள்ள வயர் ஏதும் தேஞ்சு இரும்புல பட்டா, அந்த வழியாப் போயிரும். அந்த வழி இல்லாட்டி, யார் தொடுறாங்களோ அவங்க வழியாத்தான் போகும்."

விடுகிற ஆள் நான் இல்லை. "அப்ப அந்த வயரக் கழட்டினதும் ஏன் அடிக்கிறது நின்னுச்சு? நானே கை வச்சுப் பாத்தேன். அதுக்குச் சொல்லு பதில்."

"ஒங்க லயத்துல எல்லா வீட்டுக் காம்பராவுக்கும் ஒரே எர்த்தா?"

"ஒரே லயம், ஒரே வயர்தான்."

"அப்ப அது மண்ணுக்குப் போற எடத்துல எங்கயோ துருப்புடிச்சு அந்து போயிருக்கு. பக்கத்துக் காம்பராவுல ஒரு கரண்ட் கேத்தல் கெட்டுப் போயிருந்தா, அதோட கரண்ட் மண்ணுக்குப் போக வழி இல்லாம எர்த் வயர் வழியா ஒங்க மெஷினுக்கு வரும். லேசா சுள்ளுங்கும். வயரக் கழட்டினா பக்கத்து வீட்டுக் கரண்ட் நின்னுரும், சரிதான். ஆனா ஒங்க மெஷினே கெட்ட அன்னைக்கு அதுக்குத் தப்பிக்க வழி இல்ல. அதுக்குத்தான் தனியா எடுக்கச் சொன்னேன். தனியான்னு சொல்லல போல. எடுன்னு மட்டும் சொல்லிட்டேன்."

அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். கிடைக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் ஒரு பழைய கேத்தல் இருந்தது எனக்குத் தெரியும். அது அடிக்கிறதென்று அவர்கள் துணியால் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

"தம்பி வீட்டுல மெஷின் இப்ப எப்படி ஈக்கு?" என்றார் ஸப்வான்.

"அப்படியேதான் இருக்கு," என்றேன். எர்த் எல்லாம் எடுத்துத்தான் வச்சிருந்தாராம் என்று தினேஸ் சொன்னது காதில் கேட்டது.

போன் போட்டேன். நல்லவேளை எடுத்தான்.

"தினேஸ்! எர்த் எடுக்காம மெஷினப் போடாத!"

"எடுத்துத்தான் மாமா இருக்கு."

"அந்த எடுத்தது இல்லடா! எடுத்ததுதான் தப்பு, எடுக்கணும்!"

"என்னது? எடுக்கணுமா, எடுக்கக் கூடாதா?" பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தான். "மாமா, காலங்காத்தாலயே டவுனுக்குப் போய் ஒரு கிளாஸ் போட்டுட்டீங்களா?"

"டேய், மெஷினத் தொடாத, அவ்வளவுதான்!"

அதற்குள் லைன் போய்விட்டது. அந்த மலையில் ஒரு இடத்தில் நின்றால் கேட்கும், ஒரு அடி நகர்ந்தால் கேட்காது. மறுபடி மறுபடி அடித்தேன். ஸப்வான் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். ஒரு செம்புக் கம்பி, கொஞ்சம் வயர், ஒரு சுத்தியல் எடுத்து வேனில் போட்டார்.

"ஏறுங்க ஐயா."

"ஒன் வேன்லயா?"

"பஸ்ஸுக்கு நிப்பீங்களா?"

ஏறினேன். பசறை ரோடு பாம்பு மாதிரி. மழை வேறு பிடித்துக்கொண்டது.

"பெல்ட்டப் போடுங்க," என்றார்.

"ஒன் பெல்ட் எனக்கு வேணாம்."

மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. அது போனதும் பெல்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் நான் போனைக் காதில் வைத்திருந்தேன், அதற்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேன் லயம் வரை போகாது. கீழே நிறுத்திவிட்டுப் படி ஏறினோம். மெஷின் சத்தம் கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டேன். கேட்கவில்லை. கிருபாகரன் செத்துக் கிடந்தபோது சக்கரமாவது ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அதுவும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது. ஸப்வான் என் கையைப் பிடித்தார், தட்டிவிட்டேன்.

லயத்துக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தான். ஒரு பக்கம் ஒழுகியது. தரை வெறும் மண், மிதித்தால் கால் புதைகிற ஈரம். நடுவில் மெஷின். அந்த இரும்பு மேசை மேலேயே தினேஸ் ஏறி உட்கார்ந்து, வெறுங்காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். பெருவிரல் சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அட, மாமா! ஸப்வான் நானாவும் வந்திருக்காரு! சண்ட போட்டுக்கிட்டே வந்தீங்களா?"

"எறங்கு!"

"கரண்ட் இல்ல மாமா. இப்பதான் போச்சு. வரட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

"சுவிட்ச அமத்தினியா?"

அவன் குனிந்து மோட்டர் பக்கம் பார்த்தான். "ஓடிக்கிட்டு இருக்கப்பதான் போச்சு. வந்தா அதுவா ஓடும்தானே."

நான் அவனோடு பேசிக்கொண்டு நிற்கவில்லை. வயர் எங்கே போகிறதென்று பார்த்தேன். வீட்டு ஜன்னல் ஓரமாக, பிளக்கைச் சொருகுகிற பேஸ் ஒன்று தொங்கியது. என் கையிலிருந்த குடைக்கு வளைந்த மரப் பிடி. அதை வயரில் மாட்டி இழுத்தேன். பிளக் கழன்று சுவரில் மோதி விழுந்தது. தினேஸ் இன்னமும் டீயோடு உட்கார்ந்திருந்தான், கிழவனுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

ஸப்வான் பிளக்கை எடுத்துத் துடைத்துத் திறந்தார். மூன்று கால், இரண்டு வயர். மூன்றாவது மடிந்து, டேப்புக்குள் இருந்தது. அதை அவர் விரலால் தொடும்போது பக்கத்துக் காம்பராவில் டீவி சத்தமாகப் பேச ஆரம்பித்தது.

கரண்ட் வந்துவிட்டது. தினேஸ் டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக இறங்கினான்.

"கரண்ட் போறதுக்கு முந்தி நீ இத ஓட்டும்போது கால்ல என்ன போட்டிருந்த?" என்று கேட்டேன்.

"மழைக்குப் போடுற சப்பாத்து. ரப்பர் சப்பாத்து. உள்ள தண்ணி போயிருச்சுன்னு இப்பதான் கழட்டினேன்." சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தான்.

ஸப்வான் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு காய்ந்த பலகையைப் போட்டு அதன் மேல் ரப்பர் செருப்போடு ஏறி நின்றார். பிளக்கை மூடி மாட்டச் சொல்லிவிட்டு, டெஸ்டரின் நுனியை மேசைக் காலில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது, மேசை இரும்பிலேயே கரண்ட். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பை மேசையில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடி குடையால் இழுத்து விழுத்தினேன்.

தினேஸ் பிளக்கை வாங்கிப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். "இது அண்ணன் சுத்தினது. அண்ணன் சுத்தினாத்தான் டேப்போட ஓரமே தெரியாது." ஸப்வான் அவனுக்குச் சொன்னார், எனக்குச் சொன்ன மாதிரியே. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அப்ப அண்ணனே…" என்றான்.

"போய்ச் சப்பாத்தப் போடு," என்றேன்.

மோட்டரை மாற்றாமல், மண்ணில் கம்பி அடிக்காமல், ட்ரிப் சுவிட்சை ஒழுங்காக்காமல் மெஷினைத் தொடுவதில்லை என்று அவனைத் தாய் தலையில் சத்தியம் பண்ண வைத்தேன். சத்தியத்தை நம்பாமல் பிளக்கையும் வயரோடு அறுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஸப்வான் சுவரோரம் முழங்காலிட்டு, கொண்டுவந்த கம்பியை மண்ணில் அடிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. றோசாலி.

"அப்பா, எங்க இருக்கீங்க? தினேஸுக்குப் போன் போகல, அவனுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நின்னுக்கிட்டு இருக்கான்."

"ஸப்வான் ஒத்துக்கிட்டானா?"

"அவன் மேல குத்தம் இல்ல."

"அப்ப இவரு ஏதும் தப்பாச் செஞ்சாரா?"

நான் எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவன். செத்த வீட்டிலும் செத்தவனைப் பற்றி உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். இதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்வதென்று தெரியவில்லை.

"அவன் சொன்னதத்தான் செஞ்சான்," என்றேன்.

"அப்ப சொன்னவன் மேலதானே குத்தம்?"

"சொன்னதும் சரிதான்."

"சொன்னதும் சரி, செஞ்சதும் சரின்னா," அவள் குரல் உடைந்தது, பூசைக்குப் பிறகு முதல் தடவையாக, "அவரு எப்படிப்பா செத்தாரு?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனை வைக்கப் போனேன். சுத்தியல் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அது என்னப்பா சத்தம்?"

"எர்த் எ…" என்று தொடங்கி நிறுத்தினேன்.

"மண்ணுல கம்பி அடிக்கிறாங்க," என்றேன்.